உப்பு நீர்த் தொட்டிக் கோளாறுகள்: எந்த அறிகுறிக்கு எந்த மீடியா?

உப்பு நீர்த் தொட்டியில் ஏதேனும் கோளாறு தெரிந்தவுடன் கடைக்குப் போய் ஒரு பொட்டலம் மீடியா, அதாவது நீரைச் சுத்தம் செய்ய வடிகட்டிக்குள் போடும் பொருள், வாங்கி வந்து உள்ளே திணிப்பதுதான் நம்மில் பெரும்பாலோர் செய்யும் முதல் வேலை. சிறிய தொட்டியில் அந்த அவசரமே அடுத்த கோளாற்றுக்கு வித்தாகிவிடுகிறது. ஒவ்வொரு மீடியாவுக்கும் ஒரு வேலைதான் உண்டு. பஞ்சு செய்யும் வேலையைக் கார்பன் செய்யாது, கார்பன் செய்யும் வேலையைச் செராமிக் வளையம் செய்யாது. ஆகவே கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்கி, அதன் காரணத்தைப் பிடித்து, அதன் பிறகே எதைப் போடுவது, எதை எடுப்பது என்று முடிவு செய்யும் வழியை இங்கே எழுதுகிறேன்.

மதுரையில் பலரும் தொடங்கும் அளவையே நானும் கணக்கில் வைத்துக்கொள்கிறேன்: இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். இதன் கொள்ளளவு சுமார் 56 லிட்டர். பாறையும் மணலும் போட்ட பிறகு உண்மையில் நிற்கும் தண்ணீர் 45 லிட்டர் அளவுக்குத்தான் இருக்கும். அதில் இரண்டு கோமாளி மீன், ஓர் இறால், நான்கைந்து நத்தைகள். எந்த மீடியாவின் அளவையும் 45 லிட்டருக்குத்தான் கணக்கிட வேண்டும். கடைக்காரர் சொன்ன தொட்டி அளவுக்கு அல்ல.

எதையும் மாற்றுவதற்கு முன்னால் அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பாஸ்பேட், பிஎச், வெப்பநிலை, உப்பின் அடர்த்தி ஆகியவற்றை அளந்து ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். அடர்த்தி 1.025 அருகில் இருக்க வேண்டும். அக்னி நட்சத்திர நாட்களில் மதுரையின் வறண்ட காற்றில் ஒரே நாளில் ஒரு லிட்டருக்கு மேல் ஆவியாகிப் போகும் தொட்டிகளைப் பார்த்திருக்கிறேன். அப்படிக் குறைந்த நீரை உப்பில்லாத தண்ணீரால்தான் ஈடுசெய்ய வேண்டும். உப்பு நீரை ஊற்றி மட்டத்தைச் சரிசெய்தவருக்கு அடர்த்தி ஏறிக்கொண்டே போகும். அந்த நிலையில் எந்த மீடியாவைப் போட்டாலும் மீன் சோர்ந்துதான் கிடக்கும்.

மீன் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது

இதுதான் அவசரமான அறிகுறி. முதலில் வெப்பநிலையைப் பாருங்கள். 25 பாகையில்கூட உப்பு நீர் தாங்கும் உயிர்வளி லிட்டருக்கு ஏழு மில்லிகிராமுக்குக் குறைவுதான். அதே சூட்டில் நன்னீர் எட்டுக்கு மேல் தாங்கும். தொட்டி 31, 32 பாகைக்குப் போய்விட்டால் அந்தக் கொஞ்சமும் குறைகிறது. நீர்ப்பரப்பின் மேல் சிறிய விசிறியைத் திருப்பி வைத்தால் இரண்டு மூன்று பாகை இறங்கும். காற்றில் ஈரம் குறைவாக இருப்பதால் இந்த உத்தி ராமேஸ்வரத்தைவிட மதுரையில் நன்றாகவே பலிக்கிறது. பவர்ஹெட்டின், அதாவது தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் சிறு பம்பின், முகத்தை மேல்நோக்கித் திருப்பி, நீர்ப்பரப்பு நெளியும்படி செய்யுங்கள்.

வெப்பம் சரியாக இருந்தும் மீன் மூச்சு வாங்கினால் அம்மோனியாவை அளவிடுங்கள். நன்னீர்த் தொட்டி வைத்துப் பழகியவர்கள் 0.5 பிபிஎம் (லிட்டருக்கு அரை மில்லிகிராம்) அம்மோனியாவைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அம்மோனியாவில் நச்சாக இருக்கும் பங்கு பிஎச் ஒரு புள்ளி ஏறும்போது ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. உப்பு நீரின் பிஎச் 8.2 அருகில் இருப்பதால் அதே 0.5 இங்கே பல மடங்கு கொடியது. உப்பின் அடர்த்தியும் வெப்பமும் ஒத்த புது நீரால் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கை மாற்றுவதே உடனடி வைத்தியம்.

இந்த இடத்தில்தான் ஜியோலைட் என்னும் வெள்ளைக் கல்லைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. அம்மோனியாவை உறிஞ்சும் கல் என்று சொல்லித்தான் அதை விற்கிறார்கள். நன்னீரில் அது உண்மையும்கூட. திருநகரில் இருக்கும் தம்பி ஒருவர் ஓர் ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைத்து, "அண்ணே, நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, காலைல பாத்தா ரெண்டும் மேல வந்து நிக்கிது" என்றார். போய்ப் பார்த்தபோது, தன் தங்கமீன் தொட்டியில் மூன்று மாதம் கிடந்த ஜியோலைட் பையை அப்படியே எடுத்து உப்பு நீர்த் தொட்டியின் வடிகட்டியில் போட்டிருந்தது தெரிந்தது. ஜியோலைட் அம்மோனியத்தைப் பிடித்துக்கொண்டு அதற்கு ஈடாகச் சோடியத்தை விடுகிறது. கடல் நீரில் சோடியம் கொட்டிக் கிடப்பதால் கணக்கு தலைகீழாகிவிடும்: கல் சோடியத்தைப் பிடித்துக்கொண்டு, மூன்று மாதமாகச் சேர்த்து வைத்த அம்மோனியத்தை வெளியே தள்ளும். நன்னீர்க்காரர்கள் பழைய ஜியோலைட்டை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் புதுப்பிப்பது இதே தத்துவத்தில்தான். அந்தப் பையை எடுத்துவிட்டுப் பாதித் தண்ணீரை மாற்றிய பிறகு மாலைக்குள் ஒரு மீன் தேறியது, மற்றொன்று தேறவில்லை. புதிய ஜியோலைட்டாக இருந்தாலும் கடல் நீரில் அது அம்மோனியாவைப் பிடிக்கும் என்று நம்பி வாங்காதீர்கள்.

நைட்ரைட் பற்றி ஒரு வார்த்தை: கடல் நீரில் இருக்கும் குளோரைடு, நைட்ரைட் மீனின் செவுள் வழியே உள்ளே போவதைத் தடுக்கிறது, எனவே நன்னீரில் பயப்படும் அளவுக்கு இங்கே பயப்பட வேண்டியதில்லை. நைட்ரைட் இருக்கும்வரை நைட்ரேட் சோதனை பொய்யாக அதிகம் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அம்மோனியா முழுவதுமாக இறங்கவே மாட்டேன் என்கிறது

தொட்டி தொடங்கி ஆறு வாரம் கழிந்தும் இப்படி என்றால், அம்மோனியாவைத் தின்னும் நுண்ணுயிர் குடியிருக்க இடம் போதவில்லை, அல்லது இருந்த குடியை நாமே கலைத்துவிட்டோம் என்று பொருள். இரண்டாவதுதான் அடிக்கடி நடக்கிறது. செராமிக் வளையங்களைக் குழாயடியில் வைத்து வெள்ளையாகும்வரை தேய்த்துக் கழுவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மாநகராட்சித் தண்ணீரில் கலந்திருக்கும் குளோரின் அந்த நுண்ணுயிர்களைக் கொல்லும். நீர் மாற்றும் நாளில் தொட்டியிலிருந்து எடுத்த உப்பு நீரை ஒரு வாளியில் பிடித்து, வளையங்களை அதில் இரண்டு முறை அலசி எடுத்தால் போதும். பஞ்சை மட்டும் தூக்கி எறியலாம். வளையத்தையும் ஸ்பாஞ்சையும் ஒரே நாளில் மாற்றவே கூடாது.

இடம் போதாமை என்றால் பாறையைப் பற்றிப் பேச வேண்டும். சிறிய தொட்டியில் சிறந்த உயிரியல் மீடியா துளைகள் நிறைந்த பாறைதான். அதன் வெளிப்புறத்தில் அம்மோனியாவைத் தின்னும் நுண்ணுயிரும், உயிர்வளி எட்டாத உட்புறத்தில் நைட்ரேட்டை வளியாக மாற்றும் நுண்ணுயிரும் வாழும். ஐந்து கிலோ நல்ல பாறை இருந்தால் இரண்டு கோமாளி மீனுக்குத் தாராளம். ஆனால் அந்தப் பாறை எங்கிருந்து வருகிறது என்பதில் நம் ஊர்க்காரர்கள் கவனமாக இருந்தே ஆக வேண்டும். பாம்பன், மண்டபம் பக்கம் போகிறவர்கள் கரையில் ஒதுங்கிய பவளத் துண்டுகளைக் காரில் அள்ளிப்போட்டு வருவதைக் கண்டிருக்கிறேன். பாறையமைக்கும் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன; புலிக்குத் தரப்படும் அதே பாதுகாப்பு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் அடங்கும். செத்த பவளம்தானே என்ற வாதம் எடுபடாது. அதற்குப் பதிலாகச் சுட்ட செராமிக் பாறை வாங்கலாம். அல்லது சிமெண்டில் வார்த்த பாறையை வாங்கி, சில வாரங்கள் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, அதன் பிஎச் ஏறாமல் நிற்கும்வரை காத்திருந்து பயன்படுத்தலாம். மேலூர் பக்கத்துக் கிரானைட் துண்டுகள் பார்வைக்கு நன்றாக இருக்கும். துளை இல்லாததால் மீடியாவாக எந்தப் பயனும் இல்லை.

தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியிருக்கிறது

ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டி நீரை மொண்டு ஜன்னலோரம் ஓர் இரவு வைத்துவிடுங்கள். காலையில் அடியில் மாவு போலப் படிந்து மேல்நீர் தெளிந்திருந்தால் அது மணல் தூசு. பஞ்சை இருமடங்காக்கி இரண்டு நாள் ஓடவிட்டால் தீரும். படியாமல் பால் கலந்ததுபோல அப்படியே நின்றால் அது நுண்ணுயிர்ப் பெருக்கம். பஞ்சு அதைப் பிடிக்காது, உணவைப் பாதியாகக் குறைத்து, காற்றோட்டத்தைக் கூட்டினால் சில நாளில் தானே அடங்கும். மூன்றாவதாக ஒன்று உண்டு: அடியில் படிந்த மாவில் இரண்டு சொட்டு வினிகர் விட்டால் நுரைத்துக் கரைகிறது, பம்பின் உறைமேலும் வெள்ளையாகச் சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது என்றால், பிஎச் ஏற்றும் பொடியை அளவுக்கு மீறிப் போட்டதால் கால்சியம் கார்பனேட்டாகக் கொட்டியிருக்கிறது. பவளத்தூள் மணலும் வினிகரில் இப்படித்தான் நுரைக்கும். ஆகவே பம்பின் மேல் படிந்த சுண்ணாம்பையும் சேர்த்துப் பார்த்தே முடிவுக்கு வாருங்கள். பொடியை நிறுத்துவதுதான் அதற்கு வழி; மீடியா எதுவும் தேவையில்லை.

கண்ணாடியிலும் மணலிலும் பழுப்புப் பொடி

புதுத் தொட்டியில் முதல் இரண்டு மாதத்திற்குள் இது வந்தால் கவலைப்படத் தேவையில்லை. அது டயாட்டம் என்னும் சிலிக்கா ஓட்டுப் பாசி, நத்தை மேய்ந்துவிடும். அரை ஆண்டு கழிந்தும் துடைக்கத் துடைக்க வந்தால் நீங்கள் ஊற்றும் தண்ணீரைச் சந்தேகியுங்கள். மதுரைச் சுற்றுவட்டாரம் கடினப் பாறை நிலம். போர் தண்ணீரில் கடினத்தன்மையோடு சிலிக்காவும் கரைந்திருக்கும்.

"ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்றுகிறேன்" என்று எல்லோரும் சொல்வார்கள். வீட்டு ஆர்ஓ இயந்திரத்தில் பெரும்பாலும் ஒரு சிறிய டிடிஎஸ் வால்வு இருக்கும் (டிடிஎஸ் என்பது நீரில் கரைந்துள்ள உப்பு, தாதுக்களின் அளவு). குடிக்கும் நீருக்குச் சுவை வரவேண்டும் என்பதற்காக, சவ்வு வழியாகப் போகாத தண்ணீரில் கொஞ்சத்தை அது சுத்த நீரோடு கலந்துவிடும். சில இயந்திரங்களில் சவ்வுக்குப் பின்னால் தாது சேர்க்கும் குழலும் இருக்கும். டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பாருங்கள்: 60, 80, 100 என்று காட்டினால் அது குடிக்க நல்ல நீர், தொட்டிக்கு ஆகாது. மெக்கானிக் அடுத்த முறை வரும்போது, சவ்விலிருந்து வெளியேறும் குழாயில், வால்வுக்கும் தாதுக் குழலுக்கும் முன்னால் ஒரு டீ இணைப்புப் போட்டு, தொட்டிக்கென்று தனிக் குழாய் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதன் பின்னால் ஒரு சிறிய அயனிப் பரிமாற்றப் பிசின் குழலை வைத்தால் டிடிஎஸ் சுழியத்திற்கு வந்துவிடும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது: பிசின் தளரும்போது முதலில் நழுவுவது சிலிக்காதான், ஆனால் டிடிஎஸ் மீட்டர் சிலிக்காவைச் சரியாகக் காட்டாது. எனவே மீட்டர் சுழியம் காட்டினாலும் பழுப்புப் பொடி திரும்ப வந்தால், நிறம் மாறும் பிசின் முக்கால் பாகம் மாறியவுடனேயே மாற்றிவிடுவது நல்லது.

இருபது லிட்டர் கேன் தண்ணீரை நம்புகிறவர்கள் ஒவ்வொரு கேனையும் அளந்தே ஊற்ற வேண்டும். ஒரே கடையிலிருந்து வரும் இரண்டு கேன்கள்கூட ஒன்றாக இருப்பதில்லை.

பச்சை முடிப்பாசி பாறையை மூடுகிறது

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தேங்கியிருக்கின்றன. சோதனையில் பாஸ்பேட் 0.02 என்று காட்டினாலும் ஏமாறாதீர்கள்; பாசி உறிஞ்சியது போக மிஞ்சியதைத்தான் சோதனை காட்டுகிறது. முதலில் கையால் பிடுங்கி எடுங்கள். பிறகு வடிகட்டியைத் திறந்து பாருங்கள். பஞ்சு பழுப்பாகிச் சேறு போல வழிந்தால் கோளாறு அங்கேயேதான்: பஞ்சில் பிடிபட்ட கழிவு தொட்டிக்குள்தான் இன்னும் இருக்கிறது, அழுகிக் கரைந்துகொண்டிருக்கிறது. மூன்று நாளைக்கு ஒருமுறை பஞ்சை மாற்ற முடியாதவர் பஞ்சே வைக்காமல் இருப்பது மேல் என்பது என் கருத்து. நுண்ணுயிர் குடியிருக்கப் போடும் பிளாஸ்டிக் உருண்டைகளான பயோ பால்களுக்கும் இதே குற்றச்சாட்டு உண்டு; அவற்றின் இடுக்கில் கழிவு தேங்கி நைட்ரேட்டை ஏற்றும். பாறை போதிய அளவு இருந்தால் வாரத்திற்குக் கால்வாசியாகப் பயோ பால்களை எடுத்துவிடலாம்.

இவ்வளவுக்கும் பிறகு பாஸ்பேட் 0.1 பிபிஎம்முக்கு மேல் நின்றால்தான் ஜிஎஃப்ஓ என்னும் இரும்பு ஆக்சைடு குருணைக்கு வேலை வருகிறது. 45 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். ஆர்ஓ நீரில் துருநிறம் போகும்வரை கழுவி, நுண்வலைப் பையில் கட்டி, நீர் மெதுவாக ஊடுருவும் இடத்தில் வையுங்கள். வேகமான ஓட்டத்தில் வைத்தால் குருணை ஒன்றோடொன்று உரசிப் பொடியாகி, தொட்டி முழுவதும் செம்மண் தூவியதுபோல ஆகிவிடும். வாரம் ஒருமுறை பாஸ்பேட்டை அளந்து, இறங்குவது நின்றதும் மாற்றுங்கள்.

தண்ணீரில் மஞ்சள் சாயல்

வெள்ளைக் காகிதத்தைத் தொட்டியின் ஒரு முனையில் ஒட்டி மறுமுனையிலிருந்து பார்த்தால் தெரியும். கார்பன் இதற்கென்றே பிறந்தது. இரண்டு மேசைக்கரண்டி போதும், மூன்று நான்கு வாரத்தில் மாற்றிவிட வேண்டும். மருந்து போட்ட பிறகு மிச்சத்தை உறிஞ்சவும் அதுவே. மருந்து வேலை செய்ய வேண்டிய நாட்களில் மறக்காமல் வெளியே எடுத்துவிடுங்கள். நம் பக்கத்தில் தேங்காய்ச் சிரட்டைக் கார்பன் மலிவாகக் கிடைக்கிறது. சில வகைக் கார்பன் பாஸ்பேட்டைக் கசியவிடும். ஒரு கரண்டி கார்பனை ஒரு டம்ளர் ஆர்ஓ நீரில் ஓர் இரவு ஊறவைத்து அந்த நீரில் பாஸ்பேட் சோதனை செய்தால் வாங்கிய சரக்கின் தரம் தெரிந்துவிடும்.

பிஎச் 7.8 ஐத் தாண்டவில்லை

பவளத்தூள் மணலோ கிளிஞ்சல் குருணையோ வடிகட்டியில் போட்டால் பிஎச் ஏறும் என்று சொல்வார்கள். பிஎச் 8 அருகில் இருக்கும் கடல் நீரில் அவை கரைவதே இல்லை எனலாம். கரையாத பொருள் எதையும் ஏற்றாது. ஒரு வாளியில் தொட்டி நீரைப் பிடித்து, மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், ஏர் பம்பை ஒரு மணி நேரம் ஓடவிட்டு மறுபடி அளவிடுங்கள். பிஎச் ஏறினால் குற்றம் தண்ணீரில் இல்லை. ஏசிக்காகக் கதவும் ஜன்னலும் சாத்திய அறையில் நாம் விடும் மூச்சுதான் கரியமில வாயுவாகத் தொட்டிக்குள் இறங்குகிறது. தினமும் சிறிது நேரம் ஜன்னலைத் திறந்து வைப்பதைவிட மலிவான மீடியா இல்லை.

மின்சாரம் வந்ததும் அழுகிய முட்டை நாற்றம்

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிற்கும் நாட்களில் கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வடிகட்டி) வைத்திருப்பவர்களுக்கு நேரும் விபத்து இது. மூடிய டப்பாவுக்குள் ஓட்டம் நின்றதும், நெருக்கியடித்து வாழும் நுண்ணுயிர்கள் இருக்கும் உயிர்வளியைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிட்டு மடியத் தொடங்கும். ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும். மின்சாரம் வந்தவுடன் பம்ப் அத்தனையையும் ஒரே மூச்சில் தொட்டிக்குள் தள்ளும். ஆகவே நிறுத்தம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டப் போகிறது என்று தெரிந்தால் கேனிஸ்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வால்வுகளை மூடி, மீடியாத் தட்டுகளை வெளியே எடுத்துத் தொட்டி நீர் ஊற்றிய அகன்ற டப்பில் வைத்து, பேட்டரி ஏர் பம்பை அதில் ஒரு காற்றுக் கல்லும் தொட்டியில் ஒரு காற்றுக் கல்லுமாகப் பிரித்து ஓடவிடுங்கள். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் பவர்ஹெட்டை அதில் இணைப்பது முதல் கடமை. விளக்கு அணைந்து கிடந்தால் மீனுக்கு ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே நாற்றம் வந்துவிட்டால் டப்பாவின் நீரைக் கொட்டி, தொட்டி நீரில் மீடியாவை அலசிய பிறகே மறுபடி ஓட்டுங்கள். அடுத்த இரண்டு நாள் காலை மாலை அம்மோனியா பாருங்கள்.

குமிழிகள் தொங்கும் சளி போன்ற பழுப்பு நூல், நத்தைகள் சாகின்றன

பழுப்பாக இருப்பதால் இதையும் டயாட்டம் என்று எண்ணி, இன்னும் கொஞ்சம் ஜிஎஃப்ஓவும் கார்பனும் போடுகிறவர்கள் அதிகம். இது டைனோஃபிளாஜெல்லேட் என்னும் நுண்ணிய ஒற்றைச் செல் உயிரி, பகலில் நூல்நூலாகக் குமிழியோடு எழும், இரவில் விளக்கணைந்ததும் குறைந்ததுபோலத் தோன்றும். அளந்து பாருங்கள்: நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியமாக இருந்தால், மற்றப் பாசிகளெல்லாம் பட்டினியில் ஒதுங்கிய காலி இடத்தை இது பிடித்துக்கொண்டது என்று பொருள். அளவுக்கு மீறிய சுத்தத்தின் விளைவுதான் இந்தச் சளி. ஜிஎஃப்ஓ பையை அன்றே வெளியே எடுங்கள். இந்த உயிரிகளில் சில நஞ்சை வெளியிடுவதால்தான் நத்தைகள் சாகின்றன. எனவே கார்பனை மட்டும் வைத்திருங்கள். நீர் மாற்றுவதைச் சில வாரம் நிறுத்தி, உணவைச் சற்றே கூட்டி, சளியைக் குழாயால் உறிஞ்சிப் பஞ்சில் வடித்து, அந்தப் பஞ்சை அன்றன்றே எறியுங்கள். நைட்ரேட் ஐந்து பிபிஎம் அருகிலும் பாஸ்பேட் 0.05 அருகிலும் வந்து இரண்டு மூன்று வாரம் அப்படியே நிற்கும்போது பாறையில் சாதாரணப் பச்சைப் பாசி மெல்லத் தலைகாட்டும். அதைத் துடைக்காமல் விட்டுவிடுங்கள். புதிய நத்தைகளை அதன் பிறகு வாங்கலாம்.